முட்டுக்கட்டை

பாத்து வாங்க, வக்கீலம்மா. கயித்துக்கு இந்தப் பக்கமாவே வாங்க. அந்தப் பக்கம் ஒரு கல்லுகூட இன்னும் இடம் மாறல. நான் ஒருத்தன் காவலுக்கு இருக்கேன்ல. ஒரே ஒரு நாய் மட்டும் வந்து அந்த இடிபாட்டு மேல படுத்துக்குது. அதுக்கு மட்டும் நம்ம சட்டம் புரிய மாட்டேங்குது.

கோர்ட்டுல உங்களைக் கமிஷனரா போட்டிருக்காங்க, நேர்ல வந்து வீட்டைப் பாத்துட்டு ரிப்போர்ட் குடுப்பீங்கன்னு எங்க வக்கீல் போன் பண்ணிச் சொன்னாரு. எனக்கு ரொம்ப சந்தோஷம். இத்தனை நாளா வந்தவன் எல்லாம் கம்பெனி ஆளு. நீங்கதான் கோர்ட்டு ஆளு. அந்த நாற்காலியில உக்காருங்க. ஆடாது, பயப்படாதீங்க. தண்ணி வேணுமா? அப்ப எழுதிக்கிறீங்களா? எழுதிக்குங்க, எழுதிக்குங்க. நான் மெதுவாவே சொல்றேன்.

என் பேரு வைரக்கண்ணு. போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, இந்த மூணு பக்கமும் என்னைத் தெரியாத கண்டக்டர் கிடையாது. நான் பஸ்ஸுல ஏறுனா டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியா குதிப்பான்னு பேசிக்குவாங்க. ஒரு தடவை எங்க மாமனாரே மாட்டுனாரு. வேளாங்கண்ணி பஸ்ஸு. மனுசன் என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு, மாப்பிள்ளைதானேன்னு. டிக்கெட்டுன்னேன். இல்லைன்னாரு. ஃபைன் போட்டுட்டேன். அவரு கிட்ட காசு இல்ல, என் பையிலேர்ந்து நானே எடுத்துக் கட்டி ரசீதை அவரு கையில குடுத்தேன். மாமனார் வீட்டுல ஒரு வருஷம் எனக்குச் சோறு போடல. என் சம்சாரம் மட்டும் விழுந்து விழுந்து சிரிச்சா. "நல்லவேளை, எங்கப்பாவை நடு ரோட்டுல இறக்கி விடாம வந்தீங்களே"ன்னா.

தையல்நாயகி அவ பேரு. நீங்க கேஸு பேப்பர்ல பாத்திருப்பீங்க.

எதுக்கு இதைச் சொல்றேன்னா, நான் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியணும். ரூல்னா ரூல். அதை எழுதிக்குங்க.

இந்த வீடு ரிட்டயர்டு ஆகறதுக்கு முன்னாடியே பேங்க்ல லோன் போட்டுக் கட்டுனது. முன்னாடி பாதி காங்கிரீட்டு, பின்னாடி அடுப்படி மட்டும் ஓடு. லோன் வேணும்னா வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம்னாங்க. போட்டேன். அப்ப அது ஒரு பாரமாவே தெரியல. அப்புறம் ஒவ்வொரு புயலுக்கும் ஏறுச்சு. புயல் இங்க வந்தாலும் ஏறும், ஆந்திராவுல போய்க் கரை கடந்தாலும் ஏறும். ஏன்டான்னு கேட்டா, "கடலோரம் சார், ரிஸ்க் ஜாஸ்தி சார்"ங்கிறான். நான் என்ன, கடலைத் தள்ளியா வைக்க முடியும்? கடைசியா ஒரு வருஷம் புதுசா ஒண்ணு சேத்தான். கடலோர வீடா இருந்தா, சேதத்துல முதல் பங்கை நம்மளே ஏத்துக்கணுமாம். அதுக்கு மேல போனாத்தான் கம்பெனி தருமாம். பணம் ஏறுது, கிடைக்கிறது குறையுது. என்ன நியாயம் சொல்லுங்க.

லோன் முடிஞ்சதும் தெருவுல எல்லாரும் இன்சூரன்ஸை விட்டுட்டாங்க. பக்கத்து வீட்டு ஹபீபா டீச்சர்தான் முதல்ல விட்டது. "இவனுங்களுக்குக் கட்டுற காசுல நான் கூரையை மாத்திக்குவேன் சார்"னு சொல்லிச்சு. மாத்திடுச்சு. அதோ, அந்தப் பச்சை வீடுதான். புயல்ல ஒண்ணும் ஆகல. அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நம்ம இருக்க முடியுமா?

நாயகியும் இதே பாட்டுதான். "இந்த அடுப்படிச் சுவரு உப்புக்காத்துல ஊறிப் போச்சுங்க. கை வச்சா பவுடரு மாதிரி கொட்டுது. ஒரு வருஷம் அந்தக் காசைக் கட்டாம விட்டீங்கன்னா இதை இடிச்சுட்டு நல்லா கட்டிக்கலாம்"பா. நான் அவ கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். "சுவரு விழுந்தா கம்பெனி கட்டிக் குடுக்கும். பாலிசி விழுந்தா சுவரா வந்து கட்டிக் குடுக்கும்?" நல்லா இருக்குல்ல? இதைக் கேட்டா துடைப்பத்தை எடுத்துக்கிட்டு, கொட்டுன மண்ணைக் கூட்டப் போயிடுவா.

ஒரு வருஷம் ரொம்ப முடை. பென்ஷன் பாக்கி வராம கிடந்துச்சு. பாலிசி தேதி தாண்டிடும் போல. நாயகி கழுத்துல கிடந்ததைக் கழட்டி மேசையில வச்சுட்டுப் போயிட்டா. நான் கேக்கவே இல்ல, வக்கீலம்மா. அவளா குடுத்ததுதான்.

சரி, புயலுக்கு வர்றேன்.

கார்த்திகை மாசம். ரேடியோவுல ரெண்டு நாளா சொல்லிக்கிட்டேதான் இருந்தான். எங்க பக்கம் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க. நாயகியும் கிளம்பணும்னா. வீட்டை விட்டுட்டுப் போனா நாளைக்கு ஏதாவது கேள்வி வரும், ஆளில்லாத வீடுன்னு எழுதிடுவான், இருன்னேன். இருந்தா. விடியக்காலையில ஆரம்பிச்சுது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்றது... லோடு லாரி நூறு சேந்து வீட்டுக்குள்ளேயே ஓடற மாதிரி. முன் ரூம்ல கதவுக்கு முதுகைக் குடுத்து ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். ஜன்னல் போச்சு. தண்ணித் தொட்டி போச்சு. அப்புறம் பின்னாடி ஒரு சத்தம். பூமி குலுங்குச்சு. நாயகி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தென்னை"ன்னா. அவ வச்ச தென்னை அது.

காத்து நின்னதும் போய்ப் பாத்தோம். அடுப்படிக் கூரை மேல தென்னை குறுக்கால கிடக்குது. ஓடு முக்காவாசி நொறுங்கிப் போச்சு. கிணத்தடிப் பக்கத்துச் சுவரு மேலேர்ந்து கீழ வரைக்கும் பிளந்து, உள்பக்கமா வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. நாயகி தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. எனக்கு, உண்மையைச் சொல்றேன், ஒரு நிம்மதி. இத்தனை வருஷம் கட்டுனோமே, இன்னைக்கு அதுக்கு வேலை வந்துடுச்சுன்னு. "அழாதே, நம்ம வீட்டுக்குப் பாலிசி இருக்கு"ன்னேன். தெருவுல வேற யாருக்கு இருக்கு?

ஊருல டவர் கிடையாது, கரண்டு கிடையாது. சைக்கிளை எடுத்துக்கிட்டு, விழுந்து கிடந்த மரத்துக்கு மேல எல்லாம் தூக்கித் தூக்கிக் கடந்து, சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய்க் கம்பெனி நம்பருக்குப் போட்டேன். ஒரு பொண்ணு. நல்ல தமிழ், நல்ல மரியாதை. "சார், சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் எதையும் மாத்த வேண்டாம் சார். சேதம் ஆனது அப்படியே இருக்கணும் சார்"னு சொல்லிச்சு. இதை மட்டும் அப்படியே எழுதிக்குங்க. 'அப்படியே இருக்கணும்.' நான் ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதையேதான் சொல்லிச்சு.

வந்து, அன்னைக்கே இந்தக் கயித்தைக் கட்டிட்டேன்.

ஊரே ரெண்டு நாள்ல எழுந்திரிச்சு உக்காந்துடுச்சு. மரத்தை வெட்டுறவன் வெட்டுறான், தார்பாய் போடுறவன் போடுறான். சர்க்கார்ல எல்லாருக்கும் தார்பாய் குடுத்தாங்க. எங்களுக்கும் ஒண்ணு குடுத்தாங்க. நான் போடல. சேதம் மூடியிருந்தா சர்வேயர் எப்படிப் பாப்பான்? நாயகி அதைக் கீழ விரிச்சு முன் ரூம்ல படுத்துக்கிட்டா. அடுப்பைத் தூக்கிட்டு வந்து இதோ, இந்த வாசல் ஷெட்டுல வச்சுச் சமைச்சா. ஷெட்டுன்னா தகரம்தான், பாதி தகரம் அப்பவே இல்ல.

அவ தம்பி சிங்காரவேலு வந்தான். வேட்டைக்காரனிருப்புப் பக்கம் சவுக்குத் தோப்புக் குத்தகை எடுத்திருந்தவன். தோப்பு மொத்தமும் படுத்துடுச்சு. அவனுக்குப் பாலிசியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவன் பாட்டுக்கு மாட்டு வண்டியில சவுக்குக் கட்டையை ஏத்திக்கிட்டு அரிவாளோட வந்து நிக்கிறான். "அத்தான், மரத்தை அறுத்து இறக்கிட்டு சுவத்துக்கு முட்டுக் குடுத்துடறேன். இது நிக்காது"ங்கிறான். தொடாதேன்னேன். "அக்கா இதுக்குள்ளதான புழங்குது"ன்னான். "உங்க அக்கா வாசல்லதான் சமைக்கிறா. நீ உன் வேலையைப் பாரு"ன்னேன். அவன் கயித்தைத் தாண்டி ஒரு காலை வச்சான். வெளியே போடான்னு சொல்லிட்டேன். ஆமா, வார்த்தை கொஞ்சம் தடிச்சுப் போச்சு. அவங்க அப்பாவுக்கு நான் ஃபைன் போட்ட கோவம் அவனுக்கு இன்னும் இருக்கு, வேற என்ன. கட்டையை எல்லாம் வேலிப் பக்கம் இறக்கிப் போட்டுட்டுப் போயிட்டான்.

சர்வேயர் வர ரொம்ப நாள் ஆச்சு. கேட்டா, மாவட்டம் பூரா வேலை சார்ங்கிறாங்க. சரி, நியாயம்தான். அதுக்குள்ள ரெண்டு மழை வந்து போச்சு. ஒரு நாள் காரு வந்துச்சு. இறங்குனான். சின்ன வயசு. செருப்புல சேறு படக் கூடாதுன்னு கல்லு கல்லா தாவித் தாவி வந்தான். போட்டோ எடுத்தான். "கூரை காத்துல போனது. சரி. உள்ள தண்ணி நின்னது வெள்ளம், அது வேற. சுவத்து விரிசல் புயல்ல வந்ததா தெரியலையே, பழசு மாதிரி இருக்கே"ன்னான். நான் விடுவேனா? தென்னை விழுந்ததுல வந்த விரிசல்னு அடிச்சுச் சொன்னேன். அவன் என்னை விட்டுட்டு நாயகி பக்கம் திரும்பி, "ஏம்மா, சுவரு முன்னாடியே கெட்டுப் போயிருந்துச்சா?"ன்னு கேட்டான்.

அவ என்ன சொல்லியிருக்கணும்? இல்லைன்னு சொல்லியிருக்கணும். "கொஞ்சம் ஊறியிருந்துச்சுங்க"ன்னுட்டா.

ஒரே வார்த்தை. அவ்வளவுதான். 'பராமரிப்புக் குறைவு'ன்னு எழுதிட்டுப் போயிட்டான். ஊறுனது வேற, விரிசல் விட்டது வேறல்ல? ஊறுன சுவரு அதுபாட்டுக்கு நிக்கும். வெடிச்சது தென்னையாலதான். இதை அவளுக்கு எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருந்தேன் தெரியுமா? அன்னையிலேர்ந்து நான் அவ கூடப் பேசல. கோவம்னு இல்ல. பேசினா சண்டை வரும், அதான். சோத்தை வைப்பா, சாப்பிடுவேன். தட்டை எடுத்துக்கிட்டுப் போவா.

நான் விடாம நாகப்பட்டினம் ஆபீசுக்குப் போய் நின்னேன். வேற சர்வேயரை அனுப்புங்கன்னு எழுதிக் குடுத்தேன். மேனேஜர் பாத்துட்டு, "அனுப்பறோம், அது வரைக்கும் அதே கண்டிஷன்ல வச்சிருங்க"ன்னாரு. அதே கண்டிஷன். எழுதிட்டீங்களா? நல்லது.

வாரா வாரம் நான் பஸ் ஏறி அந்த ஆபீசுக்குப் போவேன். அப்படி நான் போன ஒரு நாள்தான் அவ இந்த வேலையைப் பண்ணியிருக்கா.

எனக்கு ரெண்டு மூணு நாள் தெரியவே தெரியாது. கிணத்தடிக்குப் போற வழியில, அடுப்படி வாசலுக்கு நேரா ஒரு கொடி கட்டி, அவ சேலையா காயப் போட்டிருந்தா. மழைக்காலத்துல எதுக்குடி இத்தனை சேலைன்னு நினைச்சேன், ஆனா பேசறது இல்லையே, எப்படிக் கேக்கறது? அன்னைக்கு வாளியை எடுக்கப் போனவன் சேலையை விலக்கிப் பாக்கறேன். சுவத்துக்கு உள்பக்கம், அடுப்படிக்குள்ள, நட்ட நடுவுல ஒரு சவுக்குக் கட்டையைச் சாய்வா நிறுத்தி முட்டுக் குடுத்திருக்கு. அடியில ஒரு பலகை, கட்டை நழுவாம இருக்க அம்மிக்கல்லை உருட்டி அண்டைக் குடுத்திருக்கு. அம்மிக்கல்லு! அவளா எப்படி உருட்டினாளோ. சிங்காரவேலு வந்து கட்டையை நிறுத்திக் குடுத்திருக்கான், மிச்சத்தை அவ பண்ணியிருக்கா. அப்புறம் நான் பாத்துடக் கூடாதுன்னு அடுப்படி வாசலை மறைச்சு சேலை.

சர்வேயர் எந்த நேரமும் வரலாம். வந்து பாத்தான்னா? 'வீட்டுக்காரரு சுவத்துல கை வச்சிருக்காரு'ன்னு ஒரு வரி எழுதினா போதும். இத்தனை நாள் நான் பட்ட பாடு அவ்வளவும் போச்சு.

நாயகின்னு கூப்பிட்டேன். அத்தனை நாளுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். வந்து நின்னா.

"யாரைக் கேட்டு வச்சே?"

"யாரைக் கேக்கணும்? சுவரு உறுமுதுங்க. ராவெல்லாம் மண்ணு உதிர்ற சத்தம் கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

"சர்வேயர் வந்தா என்ன சொல்லுவே?"

"பயமா இருந்துச்சு, வச்சேன்னு சொல்லுவேன். அவனும் ஒரு தாய் பெத்த புள்ளைதானே."

"முன்னாடி நீ சொன்னதுக்கே அவன் எழுதிட்டுப் போனது பத்தாதா?"

அவ கட்டையில கையை வச்சுக்கிட்டு நின்னா. அப்புறம், "எடுக்காதீங்க. எனக்காகன்னு நினைச்சுக்கிட்டு விட்டுடுங்க"ன்னா.

எடுத்துட்டேன்.

பின்ன, எடுக்காம? ஒண்டியா எடுக்க முடியல, பச்சைச் சவுக்கு, கனம். நான் மேல் முனையை விடுவிச்சேன், கீழ் முனை இடறுச்சு. அவளே வந்து ஒரு பக்கம் பிடிச்சா. ரெண்டு பேருமா தூக்கிக்கிட்டுப் போய் வேலியோரம் போட்டோம். அம்மிக்கல்லை அது இருந்த இடத்துக்கே உருட்டி விட்டேன். பலகையை எடுத்துட்டுத் தரையில இருந்த தடத்தைக்கூட துடைப்பத்தால கலைச்சு விட்டேன். புயலடிச்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி. ஒரு சின்ன வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

"உள்ள மட்டும் போகாதே"ன்னு சொன்னேன். சொல்லாம இல்ல. ஹபீபா டீச்சரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு, அதுவும் கேட்டிருக்கும். வேணும்னா கேட்டுப் பாருங்க. இப்பல்லாம் அது என் கூடப் பேசறது இல்ல, ஆனா நீங்க கேட்டா சொல்லும்.

மறுநாள் மழை பிடிச்சுது. மத்தியானம் நல்லா ஊத்துது. சாரல் இந்த ஷெட்டு பூரா அடிக்குது. நான் முன் ரூம்ல கட்டில்ல படுத்திருந்தேன். உடம்பு வெடவெடங்குது. ஒரு டீ போட்டுக் குடேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். இங்க வாசல்ல போட்டுக் குடுக்கத்தான் சொன்னேன். உள்ள போய்ப் போடுன்னா சொன்னேன்? வாசல்ல சாரல்ல அடுப்பு நிக்காதுன்னு அவளாத்தான் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருக்கா. ஒரு மூலையில கொஞ்சம் ஓடு மிச்சம் இருந்துச்சு, அதுக்கு அடியில.

அந்தச் சத்தம் தென்னை விழுந்த மாதிரி பெருசா இல்ல. சாக்கு மூட்டையைக் கீழ போட்ட மாதிரி, பொத்துனு.

ஓடுனேன். சத்தம் போட்டேன். டீச்சரு வீட்டுக்காரரு, எதிர் வீட்டுப் பையனுங்க எல்லாரும் வந்தாங்க. கல்லைப் பொறுக்கி எறிஞ்சோம். முகம் தெரிஞ்சுது. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. என்னமோ சொன்னா. குனிஞ்சு காதை வச்சேன். "அடுப்பை அணைச்சுடுங்க"ன்னா.

அணைச்சேன்.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. திருத்துறைப்பூண்டி தாண்டல.

தண்ணி குடிக்கிறீங்களா, வக்கீலம்மா? எனக்கு வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஊருல ஒரு பேச்சு இருக்கு, உங்க காதுக்கும் வரும். பொண்டாட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தான்னு. பச்சைப் பொய். தூக்குனதுக்கு அப்புறம்தான் எடுத்தேன். ஆம்புலன்ஸுல ஏத்தி, நான் ஏறப் போறதுக்கு முன்னாடி ஓடி வந்து நாலு பக்கமும் எடுத்தேன். அவ்வளவுதான். எடுக்காம விட்டா, நாளைக்கு ஜனங்க நடந்து இடம் கலைஞ்சு போயிடும்ல? அந்தப் போட்டோவுல அவ செருப்பு ஒண்ணு தெரியும். கம்பெனிக்காரன் அதை 'வீட்டு உபயோகப் பொருள்'னு எழுதியிருக்கான். பாலிசியில பொருளுக்குக் கவர் இல்லையாம். நான் செருப்புக்கா கேட்டேன்?

அதோ, அந்த ஓரமா அடுக்கியிருக்குல்ல செங்கல்லு, அது அவளை எடுக்கறதுக்காக நகத்துனது. அதை மட்டும் தனியா அடுக்கி வச்சிருக்கேன். கணக்கு நாளைக்கு உதைக்கக் கூடாதுல்ல.

பையன் சிங்கப்பூர்லேர்ந்து வந்தான். இளம்பரிதின்னு பேரு. காரியம் எல்லாம் முடிஞ்சதும், "அப்பா, இதையெல்லாம் அள்ளிட்டு என் கூட வந்துடுங்க"ன்னான். இன்சூரன்ஸ் விஷயம் முடியட்டும்னேன். அவன் மம்புட்டியை எடுத்துக்கிட்டு கயித்துக்கிட்ட போனான். குறுக்க போய் நின்னுட்டேன். பெத்த புள்ளைதான். அதுக்காக? மம்புட்டியைக் கீழ போட்டுட்டு அன்னைக்கே கிளம்பிட்டான். இப்ப போன் பண்ணா எடுக்கறது இல்ல. டூட்டி நேரமா இருக்கும்.

ரெண்டாவது சர்வேயர் எல்லாம் முடிஞ்சு, ரொம்ப நாள் கழிச்சு வந்தான். அதுக்கு அப்புறம் கம்பெனியிலேர்ந்து பதில். என்ன தெரியுமா? கூரைக்கு ஏதோ கொஞ்சம். அதுலயும் நம்ம ஏத்துக்க வேண்டிய முதல் பங்கு கழிஞ்சு ஒண்ணும் மிச்சம் இல்ல. சுவத்துக்கு இல்லைங்கிறான். ஏன்? சுவரு புயல்ல விழலையாம். அப்புறம்தான் விழுந்துச்சாம். மேற்கொண்டு சேதம் ஆகாம பாத்துக்க வேண்டியது வீட்டுக்காரன் பொறுப்பாம். முட்டு ஏன் குடுக்கலைன்னு என்னையே கேக்கறான், வக்கீலம்மா! அந்தப் பொண்ணு தொடாதேங்குது, மேனேஜர் அதே கண்டிஷன்ங்கிறாரு, இப்ப காகிதத்துல ஏன் தொடலைன்னு கேக்கறான். பாலிசியில சின்ன எழுத்துல இருக்காம். எவன் படிச்சான் அதை? அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு முட்டு குடுத்துக்கலாம் சார்னு சொல்லியிருந்தா, நான் ஒண்ணு இல்ல, பத்து குடுத்திருப்பேன். சிங்காரவேலு கொண்டாந்த கட்டை பூரா வேலியோரம்தானே கிடந்துச்சு.

அதனாலதான் கேஸு. காசுக்காக இல்ல. காசை வாங்கி நான் யாருக்குக் கட்டிக் குடுக்கப் போறேன்? தொடாதேன்னு சொன்னது அவங்கன்னு ஒரு தீர்ப்பு வேணும். அது வந்தா போதும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். இதுக்குத்தான் உங்களை உக்கார வச்சு இவ்வளவும் சொன்னேன். எங்க வக்கீல் என்ன சொல்றாரு தெரியுமா? "ஐயா, உங்க சம்சாரம் முட்டுக் குடுத்திருந்தாங்கல்ல? அது சுவரு விழறப்ப இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. முட்டுக் குடுத்தும் விழுந்துடுச்சுன்னு சொன்னா கேஸு நம்ம பக்கம்"ங்கிறாரு. எடுத்ததைச் சொல்லாதீங்கங்கிறாரு. யாருக்கும் தெரியாதுங்கிறாரு.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன்னுட்டேன். சர்வீஸ்ல ஒரு ரிப்போர்ட்டு நான் மாத்தி எழுதினது கிடையாது. இருந்ததை இல்லைன்னும், இல்லாததை இருந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன். சிங்காரவேலுவும் கோர்ட்டுக்கு வரேங்கிறான். "யாரு எடுத்தாங்கன்னு நான் சொல்றேன் அத்தான், கூண்டுல ஏறிச் சொல்றேன்"னு அவ தெவசத்தன்னைக்கு எல்லாரும் இருக்கறப்ப சத்தம் போட்டான். வரட்டுமே. அவன் நமக்குச் சாட்சிதானே. நான் கம்பெனி சொன்ன ரூலை எவ்வளவு கரெக்டா வச்சிருந்தேன்னு அவன் வாயாலேயே வந்துடும்ல?

அதனால நீங்க எழுதிக்குங்க. முட்டு இருந்துச்சு. தையல்நாயகி வச்சது. வைரக்கண்ணு எடுத்துட்டாரு. சுவரு விழறதுக்கு முந்தின நாள். எடுத்துப் பழையபடி ஆக்கிட்டாரு. நான் சொன்னேன்னே எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்.

ஏன் பேனாவை மூடிட்டீங்க?

என்னது?

எடுக்காம விட்டிருந்தாவா?

விட்டிருந்தா அன்னைக்கே கேஸு போயிருக்கும், வக்கீலம்மா. அதான் சொன்னேனே. சர்வேயர் வந்து பாத்திருந்தா...

கேஸைக் கேக்கலையா?

பின்ன எதைக் கேக்கறீங்க?